அம்மாவோடு கேமரன் மலைக்கு: கோலாலம்பூரிலிருந்து மூன்று நாள் பயணத்துக்கு முழு வழிகாட்டி

முதல் தடவை அம்மாவைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனபோது ஒரே நாளுக்கு ஏழு இடங்களைப் பட்டியல் போட்டிருந்தேன். நான்காவது இடத்தில் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா, நான் இப்படியே உக்காந்திருக்கேன்" என்றார். வண்டி நிறுத்துமிடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அது அம்மாவுக்காகப் போட்ட பயணமே இல்லை. எனக்காகப் போட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு போன பயணம்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டோம். இரண்டும் நன்றாக அமைந்தன. அம்மாவின் முழங்கால், சாப்பாட்டு நேரம், தூக்கம் மூன்றையும் முதலில் தாளில் எழுதிவிட்டு, அப்புறம்தான் இடங்களை எழுதினேன். அறுபதைத் தாண்டிய அம்மாவோடு மூன்று பகல், இரண்டு இரவு போய்வர நினைக்கும் மகள்களுக்கு, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

வேறு மலைகளும் இருக்கின்றன. கெந்திங் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அங்கே போனால் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே நடப்போம். பிரேசர் மலை அமைதியானது, பறவை பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி சுடச்சுடச் சோறும் குழம்பும் தேடினால் கஷ்டம். கேமரனில் குளிர் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது, வாழை இலைச் சாப்பாடு இருக்கிறது, வாங்குவதற்குக் காய்கறி இருக்கிறது. நம் அம்மாக்களுக்கு இந்த ஐந்தும் ஓரிடத்தில் கிடைப்பது பெரிய விஷயம்.

படி 1: அம்மாவைச் சம்மதிக்க வைப்பது

மொத்தப் பயணத்திலும் கடினமான வேலை இதுதான். "போகலாமாம்மா?" என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். அந்தப் 'பாக்கலாம்' வருஷக்கணக்கில் நீளும். அதற்குள் ஒளிந்திருக்கிற கேள்விகள் மூன்று: அப்பாவுக்கு யார் சோறு போடுவது, பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது, எதற்கு இந்த வீண் செலவு.

பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். நான் முதலில் கிள்ளானில் இருக்கும் அண்ணனிடம் பேசினேன். மூன்று நாளும் அப்பா அங்கே. அண்ணியிடமும் தனியாகக் கேட்டுக்கொண்டேன், அண்ணன் தலையாட்டிவிட்டு வேலை முழுவதும் அண்ணி தலையில் விழக்கூடாது. அதற்கப்புறம் அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சும்மா. அப்பாவும் சரின்னுட்டாரு." அப்பாவின் சம்மதம் கேட்ட பிறகுதான் அம்மாவின் முகம் இளகியது.

செலவைப் பற்றி ஒரு யோசனை. அறைக்கும் வண்டிக்கும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அங்கே போய் முகப்பில் நின்று பணம் எண்ணிக் கொடுப்பதை அம்மா பார்த்தால், அந்தத் தொகையை மூன்று நாளும் மனத்தில் சுமப்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் நீங்களே கொடுத்துவிடாதீர்கள். தேயிலை, பூ, கோயில் அர்ச்சனை, இவற்றை அம்மாவின் பணத்திலேயே வாங்கவிடுங்கள். மகளுக்குத் தன் கையால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்பது அவருக்கு வேண்டியிருக்கிறது. அதைத் தடுக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிள்ளை வந்தால் சோறு ஊட்டுவது, மூக்குச் சிந்துவது, ராத்திரி போர்வையை இழுத்துவிடுவது என்று அம்மா வீட்டில் செய்கிற அதே வேலையைக் குளிரில் செய்வார். இருவர் மட்டும் போங்கள்.

படி 2: தேதி

ஞாயிறு காலை புறப்பட்டு செவ்வாய் இரவு திரும்புங்கள். இரண்டு நாள் விடுப்புப் போதும். வார இறுதிக் கூட்டம் ஞாயிறு மதியத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும், நாம் அதற்கு எதிராக ஏறுவோம். வெள்ளி, சனியில் மலைமேல் பிரிஞ்சாங் ஊரிலிருந்து கியா ஃபார்ம் காய்கறிச் சந்தை வரை உள்ள சில கிலோமீட்டருக்கு வண்டிகள் அட்டைபோல் ஊரும், அந்த நெரிசலில் கழிவறைக்குக்கூட வழியிருக்காது.

பள்ளி விடுமுறை, நீண்ட விடுமுறை, சீனப் புத்தாண்டு வாரம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூர் விடுமுறை நாள்களையும் ஒரு பார்வை பாருங்கள், அங்கிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், மலைச்சாலையில் மண் சரியும் அபாயமும் அப்போதுதான் கூடுதல். பிப்ரவரி ஓரளவு காய்ந்திருக்கும்.

அப்புறம் அம்மாவின் நாட்காட்டி. கிளினிக்கில் மாத்திரை எடுக்கும் நாள், சஷ்டி விரதம், புரட்டாசி சைவம், குலதெய்வப் பூசை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அறை எடுங்கள்.

படி 3: அறை

மூன்று ஊர்கள்தாம் தங்குவதற்குத் தோதானவை. தாப்பா வழியாக ஏறினால் முதலில் வருவது ரிங்லெட், பிறகு தானா ராத்தா, அதற்கும் மேலே பிரிஞ்சாங். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர், பிரிஞ்சாங் இன்னும் நூறு மீட்டர் உயரம்.

அம்மாவோடு போகிறீர்கள் என்றால் தானா ராத்தாவையே எடுங்கள். மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமநிலம். பெயருக்கேற்றபடி அதன் கடைத்தெரு பெரும்பாலும் ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகள், மருந்துக் கடை, பேருந்து நிலையம் எல்லாம் நடை தூரத்தில். சுல்தானா ஹாஜா கல்சோம் அரசு மருத்துவமனையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தேவைப்படாமல் போகட்டும், ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் நமக்கு நிம்மதி. பிரிஞ்சாங் சந்தைகளுக்குப் பக்கம், ஆனால் சத்தமும் நெரிசலும் கூடுதல்.

முதல் பயணத்தில் நான் எடுத்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது. படத்தில் சன்னல் அழகாக இருந்தது, அதைப் பார்த்து மயங்கிவிட்டேன். மின்தூக்கி இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அதனால் இப்போது பணம் கட்டுமுன் தொலைபேசியில் கூப்பிட்டு இதையெல்லாம் கேட்கிறேன்: மின்தூக்கி உண்டா, இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை உண்டா? காலை ஐந்து மணிக்கும் சுடுநீர் வருமா? நாற்காலி போல் உட்காரும் கழிவறைதானா? இரண்டு தனிக் கட்டில்கள் இருக்கின்றனவா? கூடுதல் கம்பளி கொடுப்பார்களா? தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் அறையிலேயே இருக்கிறதா?

சுடுநீர்க் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் அம்மாக்கள் எங்கே போனாலும் விடியுமுன் குளிப்பவர்கள். பச்சைத் தண்ணீர்தான் வருகிறது என்றால் அதிலேயே குளித்துவிட்டு, அன்று முழுக்க மூட்டுவலியைச் சொல்லாமல் நடப்பார்கள்.

படி 4: பையும் மருந்தும்

பகலில் 23, 24 டிகிரி இருக்கும். இரவில் 15, 16 வரை இறங்கும். கோலாலம்பூர் வெயிலில் இருந்து போகிறவர்களுக்கு இது நல்ல குளிர். தடிமனான ஒரே சட்டையைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. அம்மா சேலைதான் கட்டுவார் என்றால் பருத்திச் சேலை, உள்ளே கணுக்கால் வரை லெக்கிங்ஸ், மேலே பொத்தான் வைத்த ஸ்வெட்டர். தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் கொண்டையைக் கலைக்கும், கழற்றச் சிரமம் என்று அம்மா போடவே மாட்டார். காலுறை மூன்று சோடி. சிலிப்பர் வேண்டாம், அடியில் பிடிப்புள்ள காலணி வேண்டும். மழை பெய்த மறுநாள் மலைப்பாதை வழுக்கும்.

மாத்திரைகளை மூன்று நாளுக்கு அல்ல, ஐந்து நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மண் சரிந்து சாலை மூடினால் ஒரு நாள் தங்கவேண்டி வரலாம். அவை அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும், வண்டியின் பின்பக்கப் பெட்டியில் வேண்டாம். சர்க்கரை உள்ளவர் என்றால் பிஸ்கட், வாழைப்பழம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நெரிசலில் மாட்டினால் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போவது அங்கே சகஜம்.

வாந்தி மாத்திரை வாங்குமுன் மருந்தாளரிடம் அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளைக் காட்டிக் கேளுங்கள். கண் அழுத்தம், புரோஸ்டேட் போன்ற சிக்கல்கள் உள்ளவர்களுக்குச் சில வகை ஒத்துக்கொள்ளாது, தூக்கமும் வரும். ஓட்டுபவர் அதைச் சாப்பிடவே கூடாது. இன்னும் கொஞ்சம்: சுக்குத் துண்டு, அசாம் போய் (புளிப்பான உலர்பழம்), ஒரு துண்டு எலுமிச்சை, நெகிழிப் பை நான்கு, ஈரத் துணி, கழிவறைக்குச் சில்லறை, டிஷ்யூ.

படி 5: எந்த வழியாக ஏறுவது

வழி இரண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய்த் தாப்பாவில் இறங்கி, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் பழைய மலைச்சாலையில் ரிங்லெட், தானா ராத்தா என்று ஏறுவது ஒன்று. கோலாலம்பூரிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் நான்கு மணி நேரம். இன்னும் வடக்கே ஈப்போ வரைக்கும் போய்ச் சிம்பாங் பூலாயில் திரும்பி, கம்போங் ராஜா வழியாக ஏறுவது மற்றொன்று. தூரம் கூடுதல், ஆனால் சாலை அகலம், வளைவுகள் மென்மை.

தாப்பா சாலைக்கு வயது அதிகம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, இங்கே வண்டிச் சாலை வந்து சேர 1931 வரை ஆயிற்று. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டிய சாலை அது, அதனால்தான் அத்தனை வளைவு.

அம்மாவுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளும் என்றால் தாப்பா வழியாக ஏறி, சிம்பாங் பூலாய் வழியாக இறங்குங்கள். இப்படிச் சுற்றிப் போனால் பார்த்த சாலையையே மறுபடி பார்க்கவேண்டியதில்லை, காய்கறிச் சந்தையும் இறங்கும் வழியிலேயே வந்துவிடும். வாந்தி வரும் அம்மா என்றால் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் சிம்பாங் பூலாய்தான்.

கார் ஓட்ட விருப்பமில்லாதவர்களுக்கு கோலாலம்பூர் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஆனால் அம்மா நினைத்த இடத்தில் பேருந்து நிற்காது. என் தேர்வு ரயில்: கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ, கழிவறை பெட்டியிலேயே, மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை. ஈப்போவிலிருந்து ஓட்டுநரோடு ஒரு வாடகை வண்டியை முன்பதிவு செய்துகொண்டால் சிம்பாங் பூலாய் சாலையில் அலுப்பில்லாமல் ஏறிவிடலாம்.

படி 6: ஞாயிறு, மலையேற்றம்

காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். புறப்படுமுன் எண்ணெய் இல்லாத பசியாறல்: இட்லி அல்லது ரொட்டித் துண்டு. வெறும் வயிறும் ஆகாது, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் ஆகாது.

நீண்ட பயணத்தில் நம் அம்மாக்கள் ஒரு காரியம் செய்வார்கள். கழிவறைக்குப் போகவேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். "தாகமில்லம்மா" என்பார்கள். நம்பாதீர்கள். அறுபதுக்கு மேல் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றலும் இரத்த அழுத்த ஏற்ற இறக்கமும் சீக்கிரம் வரும். "ஊலு பெர்ணம் ஓய்விடத்தில நிப்பாட்டுவேன், அப்புறம் தாப்பாவுல ஒரு தடவை, அப்புறம் ரிங்லெட்ல" என்று நிறுத்தங்களை முன்கூட்டியே பெயரோடு சொல்லிவிடுங்கள். எங்கே நிற்போம் என்று தெரிந்துவிட்டால் அவராகவே பாட்டிலை எடுப்பார். என் அம்மாவிடம் இது ஒன்றுதான் பலித்தது.

தாப்பாவில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள், வாந்தி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அம்மா முன் இருக்கையில், சன்னல் சற்றுத் திறந்து, கைபேசியைப் பார்க்காமல், தூரத்துச் சாலையைப் பார்த்தபடி. நீங்கள் ஓட்டும்போது பின்னால் வருபவர் ஒலி எழுப்பினால் ஒதுங்கி வழி விடுங்கள். வேகமாக வளைத்துத் திருப்பினால் வயிறு புரளும்.

வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. இறங்கி ஐந்து நிமிடம் நிற்கலாம், பாறைப்பக்கம் போகவேண்டாம். ஒராங் அஸ்லி பழங்குடி மக்களின் சிறு குடில்களில் பித்தாய்க் காய், தேன், மூங்கில், பருவத்தில் டுரியானும் கிடைக்கும். டுரியானைக் காரில் ஏற்றாதீர்கள், வளைவுச் சாலையில் அந்த வாசனையோடு யாராலும் தாங்க முடியாது.

மதியம் தானா ராத்தா கடைத்தெருவில் வாழை இலைச் சாப்பாடு. அதன் பிறகு அன்றைக்கு எந்த இடமும் வேண்டாம். அம்மா தூங்கட்டும். மாலை ஐந்து மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் ஒரு நடை, இஞ்சி போட்ட ஒரு தே தாரிக். இரவு எட்டு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும், அறையில் இருங்கள். ஊதுவத்தி, விளக்கு எதையும் அறையில் ஏற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் கோயில் இருக்கிறது.

படி 7: திங்கள், இரண்டே இடம்

மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதனால் வெளியே பார்க்கவேண்டியதையெல்லாம் மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

காலையில் முதலில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில். கேமரனில் தமிழர்கள் இருப்பதற்கும் அங்கே முருகன் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: தேயிலை. 1929-இல் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் பாரத் குழுமத்தின் தோட்டமும் வந்தது. காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டுக்காரர்கள். தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் இன்னும் மலையில் இருக்கின்றன. இதைப் போகும் வழியில் அம்மாவிடம் சொல்லுங்கள். அல்லது, அவரைச் சொல்லவிடுங்கள்.

அடுத்து, தானா ராத்தாவுக்குக் கீழே ரிங்லெட் சாலையோரத்தில் இருக்கும் கேமரன் வேலி தேநீர்க் கடை. பாரத் தோட்டத்தினுடையது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மலையிலேயே நல்ல தேயிலைக் காட்சி இதுதான் என்பேன். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தால் மேசை, மேசைக்கு எதிரே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. கீழே இறங்கி நடக்க வேண்டியதே இல்லை.

இங்கே இரண்டு மணி நேரம் உட்காருங்கள். படம் எடுப்பதை முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். என் அம்மா கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அதை எனக்குத் தெரிந்த ஒரு செய்தியாகத்தான் வைத்திருந்தேன். இந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தபோது அவராகவே தொடங்கினார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிப்பது, பாட்டி தோளில் காண்டா கம்பு வைத்து ரப்பர் பால் வாளி சுமப்பது, பள்ளி விட்டு வந்ததும் தங்கைகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியது, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது ஆசிரியர் லயத்துக்கே வந்து தாத்தாவிடம் பேசிப் பார்த்தது. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. வீட்டில் அம்மாவின் கை சும்மா இருந்ததே இல்லை, அதனால்தான் பேச்சும் வரவில்லை போலும்.

ஒரே ஒரு குறிப்பு. நேர்காணல் எடுப்பதுபோல் கேள்வி கேட்காதீர்கள். "அங்க காலையில என்னம்மா பசியாறுவீங்க?" மாதிரி சின்னதாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

மதியச் சாப்பாடு, தூக்கம். மழை இல்லாத மாலையாக இருந்தால் ஒரு ஸ்ட்ராபெர்ரி பண்ணை. பல பண்ணைகளில் செடிகளை இடுப்பளவு உயரத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், குனியாமலே பறிக்கலாம். பறிக்குமுன் எடைக்கு என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். பழம் கொஞ்சம் புளிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் பறிப்பது பிடிக்கும். இரவுக்கு, மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் காய்கறி, இறைச்சியை வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் சாப்பிடலாம். குளிருக்குச் சூடான சூப் இதமாக இருக்கும், மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் சூப்பும் இறைச்சியும் எதில் செய்தது என்று முதலிலேயே கேளுங்கள்.

பாசிக் காட்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 2,000 மீட்டருக்கு மேல் பிரிஞ்சாங் மலையுச்சிப் பக்கம் இருக்கிறது, அழகுதான். ஆனால் படிக்கட்டுகள், ஈரப் பலகைகள், குண்டும் குழியுமான சாலை. முழங்கால் நன்றாக உள்ள அம்மா என்றால் மட்டும், முதல் நாளே விடுதியில் விசாரித்து வழிகாட்டியோடு போங்கள். நாங்கள் போகவில்லை, அம்மா அதை விசாரிக்கவும் இல்லை.

படி 8: செவ்வாய், தேயிலையும் சந்தையும்

சுங்கை பாலாஸில் உள்ள போ தேயிலை மையம் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். இதற்காகத்தான் அதைச் செவ்வாய்க்கு வைத்தேன். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். தோட்டத்துக்குள் போகும் சாலை மிகக் குறுகலானது, எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கும். கூட்டம் வருமுன் போனால் இந்தச் சிரமம் இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மையம் வரைக்கும் ஏற்றமும் படிகளும் உண்டு. அம்மாவின் வேகத்தில், நின்று நின்று போங்கள். முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம். நேற்று பார்த்த சரிவும் இதே தேயிலைதான்.

ஏறிவிட்டால் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் உட்காரலாம். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும் என்பதையும், கொழுந்துக்காகவே இடுப்பளவில் கவாத்து செய்கிறார்கள் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். கொழுந்தை வாடவைத்து, உருட்டி நசுக்கி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு, சூட்டில் உலர்த்தி, சலித்துப் பிரிப்பார்கள். பச்சைத் தேநீரில் அந்த நிறம் மாறும் கட்டம் மட்டும் இருக்காது. வாங்கும்போது, பால் ஊற்றிக் காய்ச்சுவதற்குத் தூள் ரகம், வெறும் தேநீருக்கு இலை ரகம். அலங்காரப் பெட்டிகள் உறவினர்களுக்குக் கொடுக்க நன்றாக இருக்கும். வீட்டுக்குச் சாதாரணப் பொட்டலமே போதும் என்று அம்மா சொல்வார், அவர் சொல்வது சரி.

அங்கிருந்து திரும்பினால் கியா ஃபார்ம் சந்தை. கோஸ், தக்காளி, சாலட் கீரை, சர்க்கரைவள்ளி, சோளம், சாமிக்குச் சாமந்திப்பூ. சந்தை சரிவில் இருப்பதால் அம்மாவை மேல்பக்கம் இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை நிறுத்துங்கள். அக்கம்பக்கம், அண்ணி, கோயில் தோழி எல்லோருக்கும் வாங்குவார். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்காமல் பையைத் தூக்குங்கள். கீரையைக் கடைசியாக வாங்கி, நாளிதழில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். தக்காளி மேலே, கோஸ் கீழே.

படி 9: இறங்குவது

மதியம் பன்னிரண்டுக்குள் கம்போங் ராஜா வழியாக இறங்கத் தொடங்குங்கள். பிற்பகலில் மூடுபனியும் மழையும் வரும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் குறைந்த கியரில் இறங்குங்கள், முன்விளக்கு எரியட்டும். காது அடைத்தால் அம்மாவுக்கு ஒரு மிட்டாய்.

சிம்பாங் பூலாய் வந்ததும் ஈப்போ பக்கம்தான். தாமதமான மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவரும் முறுக்கும் கடலையும் அங்கே புதிதாகக் கிடைக்கும். நேரம் இருந்தால் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலில், மாலை நடை திறந்த பிறகு, ஒரு கும்பிடு. அம்மா களைத்திருந்தால் இதை விட்டுவிட்டு நேரே நெடுஞ்சாலையைப் பிடியுங்கள்.

ஈப்போவை விடுமுன் இன்னொரு வேலை இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டை அங்கேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து. இல்லாவிட்டால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அரிசி களையப் போய்விடுவார்.